ரத்தம் சொட்டும் பெயர்

தன் யூடியூப் சேனலுக்கு விளம்பரம் கொடுக்க வருகிறவள் என்று நினைத்துத்தான் கிருபாசங்கர் போனில் விலாசம் சொல்லியிருந்தான். கருப்பாத்தாள் கிணத்துக்கடவில் பஸ் ஏறி, கயிறு ஃபேக்டரிக்குக் கட்டிக்கொண்டு போகும் சேலையிலேயே சுந்தராபுரம் வந்து, அவன் வீட்டில், அவன் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். போனை நீட்டினாள். கூட வேலை செய்கிற பெண் நேற்றுக் காட்டிய, அவன் சேனலில் வந்த வீடியோ.

திரையில் அவளுடைய வீடு. அவள் வேலைக்குப் போயிருந்தபோது கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தது. ஓரத்தில் மகள் ரித்திகாவின் படம். போன வருஷம் டெங்குவில் போனவள். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் கண்களை மட்டும் வெள்ளையாக்கியிருந்தான். அதன்மேல் ‘ரித்திகா ஆவி’ என்று சிவப்பில் போட்டு, ஒவ்வொரு எழுத்தின் காலிலிருந்தும் ரத்தம் ஒழுகவிட்டிருந்தான்.

“எம்புள்ளைங்க அது. காய்ச்சல்ல செத்துச்சு. இந்த ஊட்லகூட இல்லீங்க, ஆஸ்பத்திரியில.”

அவன் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். “உக்காருங்கம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. எழுத்துதான் சங்கடம்னா சாதா எழுத்தா மாத்திப்போடறேனுங்க. கண்ணையும் சரி பண்ணிப்போடலாமுங்க. லட்சம் பேர் பாத்த வீடியோங்க, எடுக்க மட்டும் சொல்லாதீங்க.”

இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவனை எங்கே அடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. காறித் துப்பலாமென்றால் தரை அப்போதுதான் துடைத்திருந்தது. துடைத்தவள், அவனுடைய அம்மா, காபியோடு வந்தாள். விஷயம் தெரியாமல் சிரித்தாள். கருப்பாத்தாள் டம்ளரை வாங்கவில்லை.

“உங்க பேரு என்னுங்க?”

“கோகிலாமணிங்க.”

“தம்பி, அந்தப் பேரை அதே எழுத்துல அடிங்க.”

“எதுக்குங்கம்மா...”

“அடிங்க. வெறும் எழுத்துதானுங்களே.”

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். கோகிலாமணி கருப்பாத்தாளின் போனை வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “அடிடா” என்றாள்.

அடித்தான். அவன் அம்மாவின் பெயர் திரையில் நின்று ரத்தம் சொட்டியது. கோகிலாமணி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அந்தப் புள்ளையோட வீடியோவ இப்பவே எடுத்துப்போடு.”

எடுத்தான். ஆனால் அதற்குள் வேறு ஆட்கள் நகலெடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். ஒருவன் ரத்தத்தை இன்னும் நீளமாக ஒழுகவிட்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருப்பாத்தாள் துணி அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் பைக் நின்றது. இரண்டு பையன்கள் கேட்டுக்கு மேலாகப் போனைத் தூக்கி ஜன்னலைப் படமெடுத்தார்கள். ஈரக் கையோடு போய்க் கேட்டை அகலத் திறந்தாள்.

“ஏனுங்க, வெளியவே நின்னா எப்படி? உள்ள வாங்க. ஆவியைப் பாக்கத்தானே வந்தீங்க? அதோட அம்மா நாந்தானுங்க. நல்லா எடுங்க.”

ஒருவன் பைக்குக்கு ஓடினான். இன்னொருவன் போனை இறக்க மறந்து நின்றான். அவள் அதை நோக்கி நடந்தாள், அவன் திரையில் அவள் முகத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லாமல் போகும்வரை.