முப்பத்தோராம் அறையின் சங்கு

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. நான் தின்ற ரொட்டிமீது ஆணை. சந்தேகப்படுகிறவர்கள் போர்ட் சயீதுக்கு வந்து, கால்வாயைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் முதியோர் இல்லத்தின் மூன்றாவது மாடியில், முப்பத்தோராம் அறையில் என்னை நேரிலேயே விசாரிக்கலாம். கேள்வியை எழுதிக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

என் அறைத்தோழன் ஷெஹாத்தா நாற்பது வருடம் இழுவைப் படகில் சங்கு ஊதியவன். ஒரு பனிமூட்டத்தில் சங்கு பழுதாகிப்போக, தலையை வெளியே நீட்டித் தன் வாயாலேயே ஊதினான். எதிரே வந்த கிரேக்கக் கப்பல் மிரண்டு சைப்ரஸுக்கே திரும்பிவிட்டது. இப்போது அவனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. தொண்டையும் மூக்கும் மட்டும் பழையபடியே இருக்கின்றன. மீன் வறுக்கிற வாசம் வந்தால் எந்தத் தெரு, என்ன மீன், பிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்பதுவரை சொல்லிவிடுவான்.

அவனுக்கு ஒரே பயம், நெருப்பு. தீப்பிடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். படியில் அவனை யாராவது தூக்கித்தான் இறக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். எங்களுடையது நூற்றுப் பன்னிரண்டு கட்டில் உள்ள இல்லம். இத்தனை பெரிய இடத்துக்கு அறைக்கு அறை புகையை உணரும் கருவி, எந்த அறை என்று காட்டும் பலகை, எல்லா மாடிக்கும் கேட்கிற சங்கு, தீயணைப்பு நிலையத்துக்குத் தானாகப் போகும் தகவல் எல்லாம் வேண்டும் என்பது விதி. ஷெஹாத்தா இதை மனப்பாடமாக ஒப்பிப்பான்.

ஒரு காலத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன், கண்ணேறு கழிய அறை அறையாகச் சாம்பிராணி போடுவது இங்கே வழக்கம். முதல் வெள்ளி சங்கு அலறியது, தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டாம் வெள்ளியும் வந்தது. மூன்றாம் வெள்ளி அவர்கள் டீ குடிக்கவே வந்தார்கள். நிர்வாகி இஸ்மத் மேடம் யோசித்தார். சாம்பிராணியை நிறுத்தினால் யார் கண்ணாவது பட்டுவிடும். ஆகவே கருவிகளின் குடலை உருவச் சொன்னார். கூரையில் அவற்றின் வெற்று வெள்ளை மேலோடுகள் மட்டும் மிஞ்சின.

போன மார்ச்சில் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தெரிந்தது. முந்தின நாள் ஷெஹாத்தா என்னைக் கூப்பிட்டான்.

"ஹில்மி, நாளைக்கு நீ வாயைத் திறக்காதே. உன் புளுகைக் கேட்டா அந்த ஆளு நம்ம உண்மையையும் நம்ப மாட்டான்."

"நீயே சொல்லிடேன், எல்லாம் வெறும் மேலோடுன்னு."

"அந்தம்மா பக்கத்துல நிக்கும்டா. அப்புறம் எனக்குத் துணி மாத்த யாரு வருவா? ஒண்ணும் சொல்லவே வேண்டாம். அவர் புகை காட்டுவார், சங்கு ஊதாது. அவ்வளவுதான், புதுசு மாட்டியே ஆகணும். நாம பேசாம இருந்தா போதும்."

வாழ்க்கையில் இவ்வளவு சுலபமான வேலை எங்களுக்கு வந்ததே இல்லை.

அதிகாரி வந்தார். கையில் நீளக் கழி, அதன் நுனியில் புகை விடும் குப்பி. பின்னால் வெளிறிப்போன இஸ்மத் மேடம்.

"பாஷா, முதல்ல ஒரு காபி சாப்பிடலாமே?"

"அப்புறம் மேடம்."

எங்கள் கூரையிலிருந்த மேலோட்டைப் பார்த்துப் புகை விட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. மேலோடு சும்மா இருந்தது. ஷெஹாத்தா தலையணையை மூக்கில் அழுத்திக்கொண்டான். போர்வையைக் கடித்தான். முகம் சிவந்து, பிறகு கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிற்று. பழகாத புகை மூக்கில் பட்டால் ஊதிவிடுகிற நாற்பது வருடப் பழக்கம் அவன் மார்புக்குள் ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊதிவிட்டான்.

ஜன்னல் கண்ணாடி இரண்டு தெறித்தன. கால்வாயில் நின்ற மூன்று கப்பல்கள் பதில் சங்கு கொடுத்தன. அதிகாரி கூரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சத்தம் பிரமாதம். எந்த ஊர்ச் சரக்கு மேடம்?"

"உள்ளூர்தான், பாஷா."

கீழ் மாடிகளிலும் புகை விட்டுப் பார்த்தார். வாசம் மேலே ஏறி வர வர இவனும் ஊதிக்கொண்டே இருந்தான். நான்காவது தடவை அழுதபடி ஊதினான்.

அவர் போன பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "ஒரு நிமிஷம் அடக்க முடியலையேடா! ஒரே ஒரு நிமிஷம்!"

"விடுடா. கப்பல்காரன் புத்தி."

சான்றிதழ் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. மூன்று வருடம் செல்லும். அன்றிலிருந்து இஸ்மத் மேடமே தினமும் சோம்புத் தண்ணீரும் தேனும் கொண்டுவருகிறார். "ஹாஜ், உங்களுக்குச் சளி மட்டும் பிடிக்கக் கூடாது. நூத்திப் பன்னெண்டு பேர் உங்களை நம்பித்தான் தூங்கறாங்க." அவன்தான் தூங்குவதில்லை. எந்த அறையிலாவது யாராவது காபி போட ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தால் இவன் கழுத்தைத் தூக்கி, மோந்து பார்த்து, காபிதான் என்று உறுதி செய்துகொண்டு மறுபடி சாய்வான். கிழக்குப் பக்கத்து அறைகளில் எந்த நெருப்பானாலும் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால்தான் தெரியும். அதை யாரிடம் சொல்வது? சொன்னால் அன்று ஊதியது யார் என்ற கேள்வி வரும்.

நேற்று அவனுக்குச் சளி பிடித்துவிட்டது. மூக்கு இரண்டும் அடைப்பு.

"ஹில்மி, கிட்ட வா. இப்ப நெருப்பு வந்தா எனக்குத் தெரியாது. ஆனா யாராவது கத்துவாங்க. அந்தச் சத்தம் வந்ததும் நீ என்னைப் போர்வையோட சுருட்டிப் படியில இழுத்துடு. தலை இடிச்சா பரவாயில்ல. செய்வியா?"

"செய்யறேன்."

"உன் வழக்கமான புளுகு இல்லையே?"

"ரொட்டிமேல ஆணை."

அவன் கண்ணை மூடினான். மார்ச்சுக்குப் பிறகு முதல் தடவையாக, வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்குகிறான். நான் நாற்காலியை அவன் கட்டிலருகே இழுத்துப் போட்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

அவனுக்கே தெரியாத ஒன்று: நான் பேச்சைப் பிடிப்பதெல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். எனக்கு இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.