லேட்டாக வந்த யூரியா மூட்டை

1

நல்லம்பள்ளி பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் யாரிடமோ சொன்னார்: "நூர் பாஷா பாய் லேட்டா வந்ததாலதாங்க அந்த வருசம் எங்க வூட்ல களி கிண்டினாங்க." அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மீதி முழுக்க என் கைச்சரக்கு. அந்த ஒரு வரிக்காக அவருக்கு நன்றி.

2

"1974. கருமேகங்கள் சூழ்ந்த அந்த மாலையில் லூர்தம்மாள்..."

இந்தத் தொடக்கம் வேண்டாம். அவளுக்கு மேகம் பார்க்க ஏது நேரம்? திட்டவே நேரம் போதவில்லை. புருஷன் இல்லை. ஒரு ஏக்கர் கேழ்வரகுதான் நாலு பிள்ளைகளுக்கும் வருஷ வயிற்றுப்பாடு. பயிரோ வெளிறிக் கிடக்கிறது. உரத் தட்டுப்பாட்டில் அலைந்து வாங்கிய ஒரே யூரியா மூட்டை, தர்மபுரியிலிருந்து ஏற்றி வர வேண்டிய மாட்டுவண்டிக்கார நூர் பாஷாவிடமே கிடக்கிறது. பக்கத்துக் காட்டுப் பச்சியப்பன் காலையிலேயே உரம் வீசிவிட்டார்.

"அந்த பாய் வரட்டும், வண்டிய ஒடச்சு அடுப்புல வெக்கறேன்!"

(நூர் பாஷா வானத்தைப் பார்த்து, மழை வருமென்று உணர்ந்து தாமதித்தார் என்று எழுதி, அடித்துவிட்டேன். மனிதர் பொம்மிடியில் சம்பந்தி வீட்டுப் பிரியாணியைச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். அவ்வளவுதான்.)

3

சாயங்காலம் கொட்டிய மழை பச்சியப்பனின் யூரியாவைக் கரைத்து ஓடைக்கு இழுத்துப் போனது.* தண்ணீர் வடிந்த பிறகுதான் வண்டி வந்தது. முகம் கொடுத்துப் பேசாமல் மூட்டையை இறக்கிக்கொண்டு, ஈர மண்ணில் வீசினாள் லூர்தம்மாள். பிறகு லேசான தூறல். ஒரு வாரத்தில் பயிர் கரும்பச்சை. அவளுக்கு மனசு நிறைந்து அழுகையே வந்துவிட்டது.

*யூரியாவுக்குச் செல்லம் அதிகம். காய்ந்த மண்ணில் வெயில் ஏறினால் காற்றோடு போகும். பெருமழையில் தண்ணீரோடு போகும்.

4

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் பச்சியப்பனுக்கு இன்னொரு மூட்டை கிடைக்கிறது. அந்த வருஷம் ஏது? இன்னொன்றில் பெருந்தன்மையாகச் சிரிக்கிறார். நானாக இருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

மூன்றாவது இது. நூர் பாஷா பயிரை ஏறிட்டும் பார்க்காமல் வரப்பில் வந்து நிற்கிறார்.

"தப்புதாங்கம்மா. இனிமே வேற வண்டி வெச்சுக்கோங்க."

"ஐயோ பாய், நீங்க அன்னிக்கு வராததுதான்..."

வரப்புக்கு அப்பால், மஞ்சள் பயிருக்குள் களை பிடுங்கிக்கொண்டிருந்த பச்சியப்பன் நிமிர்கிறார். லூர்தம்மாள் வாயை மூடிக்கொள்கிறாள். நூர் பாஷா தலையைக் குனிந்தபடி வண்டிக்குத் திரும்புகிறார்.

நன்றி அவள் தொண்டை வரை வந்து நிற்கிறது. பச்சியப்பனுக்கு வலிக்காமல் அதைச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் அகப்படவில்லை. உங்களிடம் இருந்தால் சீக்கிரம் கொடுங்கள். நூர் பாஷா மாட்டைப் பூட்டிவிட்டார்.