மூடி இல்லாத பல்சக்கரம்

எரியோட்டுக்குப் பக்கத்திலுள்ள நூல் மில்லில் லூர்தம்மாளின் வலது கையில் இரண்டு விரல்கள் போன பதினோராம் நாள், ஷிஃப்ட் முடிந்து கிளம்பியவர்களைக் கேன்டீனில் பிடித்து உட்கார வைத்தார்கள். மதுரையிலிருந்து மரியராஜ் என்று ஒருவர் வந்திருந்தார். மகிழ்ச்சியாக வாழக் கற்றுத்தருவது அவருக்குத் தொழில்.

ரஃபியா கடைசி பெஞ்சில் இருந்தாள். விபத்து நடந்த அன்று லூர்தம்மாளின் கையைத் தன் துப்பட்டாவால் சுற்றி அமுக்கிப் பிடித்தவள் அவள்தான். பல்சக்கரத்தின் மூடி உடைந்து கிடக்கிறது என்று சூப்பர்வைசர் பேச்சிமுத்துவிடம் மூன்று மாதமாகச் சொல்லி வாய் ஓய்ந்தவளும் அவள்தான்.

"எல்லாரும் சிரிங்க. நடக்குறது எல்லாமே நம்ம நல்லதுக்குத்தான்" என்ற மரியராஜ், கைக்கட்டோடு முன்னால் இருந்த லூர்தம்மாளை எழுப்பினார். "ரெண்டு போச்சேன்னு அழாதீங்கம்மா. எட்டு இருக்கேன்னு சந்தோசப்படுங்க."

"ஆமா சார். கையே போயிருக்கும். கர்த்தர் காப்பாத்துனாரு" என்று லூர்தம்மாள் சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சிமுத்துதான் பலமாகத் தட்டினான்.

ரஃபியாவுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. சிரிக்கிற லூர்தம்மாள் அக்காவின் மேல்தான் கூடுதலாக வந்தது. காலையில் அவள் ஒரு வாய் சோறு பிசைய முடியாமல் தவித்ததைப் பார்த்திருந்தாள்.

"சார், செத்த நேரம் என்கூட வாங்க."

மிஷின் ஹாலுக்கு அவரைக் கூட்டிப்போனாள். கேன்டீனே பின்னால் வந்தது. அடுத்த ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பல்சக்கரம் திறந்தபடியே சுற்றியது.

"அந்த நல்லது இதுலதான் சார் நடந்துச்சு. நீங்களும் ஒரு விரலை வைங்க. ஒம்பது மிஞ்சும்ல?"

மரியராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "கோபம் உடம்புக்குக் கெடுதிம்மா."

"இந்தச் சக்கரம் கெடுதியில்லையா?"

ரஃபியா சுவிட்சை அணைத்தாள். பக்கத்து மிஷின்காரியும் அணைத்தாள். ஒவ்வொன்றாக அடங்கி, ஹாலே ஊமையானது. "வேலைய விட்டுத் தூக்கிருவேன்!" என்று பேச்சிமுத்து கத்தியது அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தியும் அசையவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் புது மூடி வந்துவிட்டது. ரஃபியாவைக் கழிவுப் பஞ்சு குடோனுக்குத் தள்ளினார்கள். அங்கே லூர்தம்மாள் தேடி வந்தாள்.

"எதுக்குக்கா அப்படிச் சிரிச்ச?" ரஃபியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அழுதா, இவ இனி வேலைக்கு ஆகமாட்டான்னு அனுப்பிருவானுக புள்ள. பயந்துதான் சிரிச்சேன்." இத்தனை நாளாக அடக்கியதையெல்லாம் லூர்தம்மாள் அங்கேயே, பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அழுகை நின்றதும் அவள் முகம் வேறாக இருந்தது.

திங்கட்கிழமை இருவரும் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு எழுதிக்கொடுப்பவர் பேனாவைத் திறந்து, "என்னன்னு எழுதட்டும்?" என்றார்.

ரஃபியா வாயெடுப்பதற்குள் லூர்தம்மாள் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தாள்.

"பேச்சிமுத்து பேரை முதல்ல எழுதுங்க சார்."