முகத்துவாரத்தில் இரண்டு மணித்தியாலம்

“கோழி இறகைக் கட்டிப் போட்டா மீன் வருமா சேர்? மீனுக்குக் கண்ணில்லையா?”

“கண் இருக்கிறபடியாத்தான் வருது ரதீஸ். சின்ன மீன் ஓடுது எண்டு நினைச்சுக் கடிக்கும்.”

“அப்ப மீனையும் ஏமாத்திறம்.”

“மீனை மட்டும்தான்,” என்று சிரித்தார் ஜூலியன்.

அவர் கொழும்பிலிருந்து வந்த நீரளவை அதிகாரி. மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை அளக்கும் புதிய கருவியைப் பொருத்திச் சரிபார்க்க மூன்று நாள் வேலை. ரதீஸ் அந்த வேலைக்கென்று அமர்த்திய வான் வண்டியின் சாரதி, பழுகாமத்துக்காரன். சனிக்கிழமை பின்னேரம் செங்கலடிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தார்கள். மேசையில் ஒரு சின்னத் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே, தூண்டில் முள்ளில் வெள்ளை இறகும் வெள்ளி இழையும் சுற்றிச் செய்த பொய்மீன்கள் பத்துப் பன்னிரண்டு.

ரதீஸின் போன் சிணுங்கியது. ‘நீர்மட்டம் 1.42’ என்று ஒரு செய்தி.

“வந்திட்டா? உங்கட நம்பரையும் போட்டிருக்கிறன். கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வரும். ஞாயிற்றுக்கிழமை கொழும்பில ஒருத்தரும் பாக்கமாட்டாங்க, நீங்களாவது பாருங்க.”

“நான் பாத்து என்ன செய்யிற சேர்? ஒண்டு தசம் அஞ்சு வந்தாத்தானே வெட்ட விடுவீங்க.”

அந்த மாரியில் வயல்காரர் எல்லோருக்கும் அந்த எண் மனப்பாடம். மழைத் தண்ணீர் வாவியில் நிறைந்து, முகத்துவாரத்தை மூடிக் கிடந்த மணல்மேட்டுக்குப் பின்னால் முட்டி நின்றது. மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்குப் பாயும், வயல்கள் வெளிக்கும். வெட்டுவதா இல்லையா என்று திங்கட்கிழமைக் கூட்டத்தில்தான் முடிவு. அதுவரை ரதீஸ் வீட்டாரின் நாலு ஏக்கரும் தண்ணீருக்குள். இன்றோடு ஐந்து நாள்.

“நான் நினைச்சபடி எழுத ஏலாது ரதீஸ். கருவி சொல்லுறதைத்தான் எழுதலாம்.”

“தெரியும் சேர்.”

போன் மறுபடி அடித்தது. அண்ணன். ரதீஸ் எழுந்து வானடிக்குப் போனான்.

“உன்ட சேர் பக்கத்திலயா?”

“கடைக்குள்ள. சொல்லுங்க அண்ணன்.”

“நாளைக்கு விடிய வெட்டுறம். நாலஞ்சு வயல் வட்டையால நாப்பது பேர் போறம். கடல் வத்துற நேரத்துக்கு மண்ணைத் திறந்து விடோணும்.”

“திங்கட்கிழமை கூட்டம் இரிக்கே?”

“கூட்டம் கூடி முடிய என்ன மிஞ்சும்? கதிர் வெளிய வர நிக்கிற பயிருடா. இன்னும் ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நிண்டா மாட்டுக்குப் போட வைக்கோலும் இல்ல. நீ வாய் திறக்காத. சேருக்குத் தெரிஞ்சா பொலிஸ் வந்து மணலில நிக்கும். மீன்காரருக்கும் மூச்சு விட்டிராத. இறால் போயிரும் எண்டு அவங்களும் விடமாட்டாங்க.”

“நான் ஏன் சொல்லப்போறன்?”

திரும்பி வந்தபோது ஜூலியன் சீனிப் போத்தலைத் தள்ளிவிட்டுக் கடைக் காகிதத் துண்டொன்றில் படம் கீறிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஒரு மெல்லிய கோடு.

“நாளைக்கு ஒன்பதுக்குத்தானே கொழும்புக்கு வெளிக்கிடுறம்? அதுக்கு முதல் எனக்கு ரெண்டு மணித்தியாலம் வேணும். ஆறில இருந்து எட்டு வரைக்கும்.”

“எங்க சேர்?”

“இந்த மணல்மேட்டில. சாலிஹ் காக்கா எண்டு எல்லாரும் கூப்பிடுற ஒரு தோணிக்காரர். பாலமீன்மடுக் கரையில இருந்து ஏத்திக்கொண்டு போய் நடு மணலில இறக்கி விடுவாராம். ஆறு வருசமா இந்தப் பக்கம் வேலைக்கு வாறன், ஒருக்காவும் தூண்டிலை வெளிய எடுத்ததில்ல. அந்தக் கலங்கல் தண்ணியிலதான் கொடுவா நிக்கும்.”

ரதீஸ் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றான். தேநீரில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

“அங்க முதலை இரிக்கி சேர்.”

“சாலிஹிட்டக் கேட்டன். முதலையெல்லாம் மேற்குக் கரையிலதானாம். உங்கட ஊர்ப் பக்கம்.”

“மாங்கேணிக்குப் போவம் சேர். அங்கதான் மீன். என்ட கூட்டாளி ஒருத்தன் இரிக்கான்.”

“அவ்வளவு தூரம் போய் வர ரெண்டு மணித்தியாலமும் ரோட்டிலயே முடிஞ்சிரும். என்ன ரதீஸ், விடிய எழும்பப் பஞ்சியா? வேணுமெண்டா நான் ஓட்டோவில போறன்.”

“இல்ல சேர். நானே கொண்டு போய் விடுறன்.”

வேறு யாரும் கொண்டுபோய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான்.

அந்தியில், நகரத்தில் அவர்கள் தங்கியிருந்த விடுதி முற்றத்தில் ஜூலியன் வீசிப் பழகினார். தடித்த மஞ்சள் நூல் அவர் தலைக்கு மேல் பின்னுக்குப் போய், ஒரு கணம் காற்றில் நின்று, முன்னால் நீண்டு புல்லில் சத்தமில்லாமல் படுத்தது. விடுதிக்காரி திரேசம்மா படியில் நின்று பார்த்தாள்.

“நாளைக்குப் பூசையை விட்டுட்டு மீனுக்குப் போறீங்களாம். மாதாவுக்கு என்ன சொல்ல?”

“ஒரு கொடுவா கொண்டு வாறன் எண்டு சொல்லுங்க அக்கா.”

“எனக்குக் கொண்டு வாங்க. மாதாவா சமைக்கிற?” என்றவள் ரதீஸின் பக்கம் திரும்பினாள். “நீ ஏன் மகன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்? சோறு தின்னல்லையா?”

“பசியில்ல அம்மா.”

“இந்த மஞ்சள் நூல் ஏன் சேர்?” என்று ஜூலியனிடம் திரும்பிக் கேட்டான், எதையாவது கேட்கவேண்டும் போல.

“மிதக்கிற நூல். தண்ணியில எங்க கிடந்தாலும் தூரத்தில இருந்தே தெரியும்.”

ரதீஸ் வேலிப் பக்கமாகப் போய் அண்ணனுக்கு எடுத்தான்.

“அண்ணன், சேர் நாளைக்கு அந்த மணலுக்குத்தான் மீன் பிடிக்கப் போறார். ஆறு மணிக்கு. எட்டுக்குப் பிறகு வெட்ட ஏலாதா?”

“உனக்குப் பயித்தியமா? எட்டு மணிக்கு ஊரே பாக்கும். கடலும் ஏறிரும்.”

“அவர் இடுப்பளவு தண்ணியில நிக்கப் போறார். மணல் திறந்தா அந்த இடம் நிக்குமா?”



“அவரை வேற பக்கம் கொண்டு போ. நீதானே டிரைவர்.”

ஞாயிறு விடிகாலை ஐந்தேகாலுக்கு வான் கிளம்பியது. மழை இல்லை. காற்றும் இல்லை. ஜூலியன் சின்னப் பிள்ளை மாதிரிப் பேசிக்கொண்டே வந்தார்.

“போனை ஓஃப் பண்ணிட்டன். எட்டு மணி வரைக்கும் ஒருத்தருக்கும் நான் இல்லை.”

“அப்பிடிச் சொல்லாதீங்க சேர்.”

“என்ன?”

“சும்மா.” ரதீஸ் வேகத்தைக் குறைத்தான். “சேர், ஒரு விசயம் சொல்லோணும்.”

“வயல் விசயம்தானே? நானும் யோசிச்சனான். கூட்டத்துக்குக் கொழும்பில இருந்து நானே சொல்லுறன், ஒரு மூண்டு நாளுக்குள்ள வெட்டத்தான் வேணுமெண்டு. எண் குறைவா இருந்தாலும் சொல்லுறன். சரியா?”

மூன்று நாள். அண்ணனின் மண்வெட்டி இந்நேரம் மணலில் இறங்கியிருக்கும். சொன்னால் இவர் போனை மறுபடி போடுவார். பதினைந்து நிமிடத்தில் பொலிஸ் ஜீப் வரும்.

“பெரிய உபகாரம் சேர்,” என்றான்.

திராய்மடுவில் வான் ஒரு பக்கம் சரிந்து நின்றது. ரதீஸ் இறங்கி, அப்போதுதான் கண்டவனைப்போல் பார்த்தான். கிளம்புமுன் டயரின் காற்றைக் கசியவிட்டவன் அவன்தான். மேலதிக டயரையும் விட்டுவைக்கவில்லை.

“காத்துப் போயிட்டு சேர்.”

“ஸ்பெயார் இருக்கே?”

“அதுவும் சப்பையா இரிக்கி.”

“ரெண்டும் ஒரே நாளிலயா!” ஜூலியன் நெற்றியைத் தடவினார். “சரி, சகுனம் நல்லாத்தான் இருக்கு.”

“வாங்க சேர், திரும்பிப் போவம். விடுதி அம்மாட்ட இடியப்பம் சுடச்சுட இரிக்கும்.”

அப்போதுதான் அந்த இசை கேட்டது. பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ, தன் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு மூலையில் திரும்பியது. ஜூலியன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, பாலமீன்மடுப் பக்கமா?”

“ஓம் சேர். பின்னுக்குப் பாண். என்னோட முன்னுக்கு நெருங்கி இருப்பீங்களெண்டா ஏறுங்க.”

“சேர், வேணாம் சேர்!” ரதீஸ் அவர் கையைப் பிடித்தான். அதற்குமுன் ஒருநாளும் அவரைத் தொட்டதில்லை.

“என்ன ரதீஸ் இது? எட்டு மணிக்கு வந்து ஏத்துங்க, போதும்.” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பையையும் தூண்டிலையும் அணைத்தபடி ஏறிவிட்டார். பாட்டு தெருவோடு போய்த் தேய்ந்தது.

ரதீஸ் ஓடினான். கொஞ்ச தூரம்தான் ஓட முடிந்தது. திரும்பி வந்து வான் கதவில் சாய்ந்து ஜூலியனுக்கு எடுத்தான். போன் அணைந்திருந்தது. பிறகு சாலிஹின் இலக்கத்தைத் தேடினான். அது ஜூலியனிடமும், அவர் எழுதிக் கொடுத்திருந்த திரேசம்மாவிடமும்தான் இருந்தது. திரேசம்மாவுக்கு எடுத்து, அவள் பூசைக்கு வெளிக்கிட்ட அவசரத்தில் கண்ணாடி தேடி, ஒவ்வோர் எண்ணாக வாசிக்க ஏழெட்டு நிமிடம் போனது. சாலிஹ் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தான். மறுபடி.

அண்ணனுக்கு எடுத்தான்.

“அண்ணன், நிப்பாட்டுங்க! சேர் அங்க வந்திட்டார்!”

பின்னால் ஆட்கள் கூவிச் சிரிக்கும் சத்தம். அதற்கும் பின்னால், இன்னொரு சத்தம்.

“என்னத்த நிப்பாட்டுற? தண்ணி கடலைக் கண்டிட்டுது தம்பி. ஒரு முழம் வெட்டினம், இப்ப தோணி போகும்.”

ஆறே காலுக்குச் சாலிஹ் எடுத்தார்.

“ஆரு?”

“காக்கா, நான் ரதீஸ், சேர்ர டிரைவர். சேர் எங்க?”

“இப்பதான் மணலில இறக்கிட்டுக் கரைக்கு வாறன். நல்ல மனிசன். வடக்குப் பக்கம் கொஞ்சம் ஆக்கள் நிண்டாங்க, கரைவலைக்காரர் எண்டு…”

“அது கரைவலை இல்ல காக்கா. மணலை வெட்டிட்டாங்க. திரும்பிப் போங்க, சேரை ஏத்துங்க!”

“யா அல்லாஹ்,” என்றார் சாலிஹ். என்ஜின் உறுமியது. போனை அவர் வைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டிருக்க வேண்டும். துணி உரசும் ஒலிக்குள் அவர் கத்துவது கேட்டது. “சேர்! சேர்! மேல வாங்க! மேல!” பிறகு காற்று இரைந்தது. அதைக் காற்று என்று நினைத்த ரதீஸுக்கு, அன்று காற்றே இல்லை என்பது நினைவு வந்தது.

“தம்பி.” குரல் திடீரென்று கிட்ட வந்தது. “மணலைக் காணல்ல. நான் இறக்கின இடத்தில மணலில்ல.”

“சேர்?”

“தோணியை இழுக்குது. இன்னும் கிட்டப் போக ஏலா. நூல் தெரியுது தம்பி. மஞ்சள் நூல். நீளமா, கடல் பக்கம் போகுது.”

“அங்கால தலைப்பில சேர் இரிக்காரா? பாருங்க காக்கா!”

“நூல்தான் தெரியுது.” மூச்சு வாங்கினார். “உனக்கு எப்ப தெரியும்?”

“கடல் பக்கமாப் போய்ப் பாருங்க காக்கா,” என்றான் ரதீஸ்.

“கேக்கிறன், வெட்டப் போறாங்க எண்டு உனக்கு எப்ப தெரியும்?”

இணைப்பு அறுந்தது. அறுந்த உடனேயே போன் சிணுங்கியது. அவன் பார்த்தான்.

‘நீர்மட்டம் 1.38.’

ஐந்து நாளுக்குப் பிறகு முதல்முறையாக அந்த எண் இறங்கியிருந்தது. ரதீஸ் வானுக்குள்ளிருந்து கால் பம்பை இழுத்தெடுத்து டயரில் மாட்டி மிதிக்கத் தொடங்கினான். அடுத்த செய்தி வர இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.