பலகையில் எழுதிய மழை

திருவண்ணாமலை சின்னக்கடைத் தெருவில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திவந்த அருணகிரிக்கு மழைப் பைத்தியம். எட்டு மெஷின்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போதும் அவர் மூலையில் ரேடியோவைக் காதோடு ஒட்டவைத்து வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருப்பார். மொட்டைமாடியில் அவரே தகரத்தில் செய்து வைத்த மழைமானி இருந்தது. சுவரில், மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடையில் பிடித்த காற்றழுத்தமானி. இதெல்லாம் போதாதென்று, தாலுகா ஆபீசில் தெரிந்த குமாஸ்தா ஒருவரின் தயவில் முப்பது வருஷத்து மழைப் பதிவேட்டை உட்கார்ந்து கையால் நகல் எடுத்திருந்தார். மூன்று கோடை பிடித்தது அந்த வேலை.

"ஊர்ல எல்லாரும் மழை வந்தா நனைவாங்க. இவரு அளப்பாரு" என்பாள் அவர் மனைவி உண்ணாமலை.

இன்ஸ்டிடியூட் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, தினமும் காலையில் அதில் மழை வருமா வராதா என்று சாக்பீஸால் எழுதுவார். முதலில் போகிறவர் வருகிறவர் சிரித்தார்கள். எண்பத்தொன்றாம் வருஷம் மூன்று தடவை அவர் எழுதியது எழுதியபடி பெய்தது. அதற்குப் பிறகு சந்தைக்கு வருகிற குடியானவர்கள் சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டுப் போனார்கள். படிக்கத் தெரியாதவர்கள் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அருணகிரிக்குத் தலைகால் புரியவில்லை.

அவரோடு சரிக்குச் சரி மழை பேச இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சக்கரவர்த்தி. பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் மூன்று ஏக்கர் மானாவாரிக் கொல்லை வைத்திருந்தவர். காலையில் ஓட்டல்களுக்குப் பால் ஊற்றிவிட்டுக் காலி கேனோடு வந்து இன்ஸ்டிடியூட் படியில் உட்காருவார். காற்றையும் மேகத்தையும் பார்த்தே பேசுவார். ரேடியோவை அவர் மதித்ததில்லை.

"'ஓரிரு இடங்களில் மழை'ங்கறான். அந்த ஓரிரு இடம் எங்க கீதுன்னு சொன்னா நான் அங்கயே குடி பூடுவேன் சார்" என்பார்.

இன்னொருவர் சந்திரகலா. பெண்கள் பள்ளியில் பூகோள டீச்சர். தங்கையை டைப்ரைட்டிங் கிளாசில் விட வந்தவர், பலகையைப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பிறகு தங்கை பரீட்சை எழுதி முடித்தும் வந்துகொண்டிருந்தார். நூலகத்தில் விஞ்ஞானப் பத்திரிகைகள் படிப்பவர். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்க எரிக்க அந்தப் புகை ஆகாயத்தில் தங்கி உலகமே மெல்லச் சூடாகிறது, மழையின் போக்கு மாறிவிடும் என்று அவர் ஒருநாள் சொன்னபோது அருணகிரி வாய்விட்டுச் சிரித்தார்.

"சீமையில எவனோ புகை வுட்டா, நம்ம கீழ்பென்னாத்தூர்ல மழை நின்னுடுமா டீச்சர்?"

"நின்னுடும்னு நான் சொல்லல சார். இருந்த மாதிரி இருக்காதுன்னுதான் சொல்றேன்."

"புகையோ கிகையோ," என்றார் சக்கரவர்த்தி. "மலையைப் பாருங்க. வருஷா வருஷம் கோடையில பத்தி எரியுது. ஒரு மரம் கெடையாது. மேகம் வந்து எதுமேல ஒக்காரும்? மழை மாறிப்போச்சு சார். எனக்கு ஒடம்புல தெரியுது."

"ஒடம்புல தெரியுதா! எனக்கு நோட்டுல தெரியுது. மழை கூடும், குறையும், மறுபடி கூடும். சக்கரம்யா அது."

இப்படி நாள் தவறாமல் வாக்குவாதம் நடக்கும். யாருக்கும் யார்மேலும் கோபம் கிடையாது. டீ வாங்கிக் கொடுப்பவர் மட்டும் மாறுவார்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆனி முழுக்கக் காய்ந்தது. ஆடி பிறந்து எட்டாம் நாள் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை கொட்டியது. அருணகிரி குடையைக்கூட எடுக்காமல் மாடிக்கு ஓடினார். ஓர் அங்குலத்துக்கு மேல். மறுநாள் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'மழைக்காலம் துவங்கிவிட்டது. பத்து நாளில் அடுத்த மழை. விதைக்கலாம்.'

பலகையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட சக்கரவர்த்தி தலையை ஆட்டினார்.

"ஒத்த மழையை நம்பி மல்லாட்டை போடக்கூடாது சார். ரெண்டாவது மழை வரட்டும். எங்கிட்ட இருக்கறது ஒரு தடவைக்கான விதைதான். போச்சுன்னா போச்சு."

"ரெண்டாவது மழைக்குக் காத்திருந்தா ஈரம் போயிடும். பட்டம் தப்பிடும்."

"காத்து சரியில்லையே. மேக்காத்து மேகத்தை அப்படியே அள்ளிக்கினு போவுது. நேத்து பெஞ்சது தப்பிப் பெஞ்சது."

அன்று சந்தைநாள். ஏழெட்டுப் பேர் பலகையின் முன் கூடிவிட்டார்கள். கூட்டத்தைக் கண்டதும் அருணகிரிக்குக் குரல் ஏறியது. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து பிரித்தார்.

"கேட்டுக்கய்யா. முப்பது வருஷத்துல ஆடி மாசம் மொத மழையே ஓர் அங்குலம் தாண்டின வருஷம் இருபத்தொண்ணு. அதுல பத்தொம்பது வருஷம் பத்து நாளைக்குள்ள அடுத்த மழை வந்திருக்கு. பத்தொம்பது! உன் காத்து பெரிசா, இந்தக் கணக்கு பெரிசா?"

சந்திரகலா அப்போதுதான் பள்ளிக்குப் போகும் வழியில் நின்றிருந்தார். "வராத அந்த ரெண்டு வருஷம் எது சார்?" என்று கேட்டார்.

அருணகிரி பக்கத்தைப் புரட்டினார். "எழுபத்தாறு. எண்பது."

"ரெண்டும் கிட்டக்க இருக்கே. மொத இருபது வருஷத்துல ஒருதடவைகூடத் தப்பல. இப்ப ரெண்டு தடவை தப்பியிருக்கு."

ஒரு கணம் அருணகிரி நோட்டையே பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "ரெண்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர். இதெல்லாம் தற்செயல்" என்று நோட்டை மூடினார். பிறகு சக்கரவர்த்தியின் தோளில் கைபோட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ விதைக்கலைன்னா ஐப்பசியில என்கிட்ட வந்து அழாதே" என்றார். கூட்டம் சிரித்தது. சக்கரவர்த்தியும் சிரித்தார்.

மறுநாள் அவர் வேர்க்கடலையை விதைத்தார். தனம், அவர் மனைவி, ஏர் பின்னாலேயே கூடையோடு நடந்து சாலில் விதை போட்டாள். அருணகிரி சொல்லித்தான் விதைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்னும் நாலைந்து கொல்லைகளில் ஏர் இறங்கியது.

பயிர் நன்றாகவே முளைத்தது. பத்து நாள் ஆனது. மழை இல்லை. பதினைந்து நாள் ஆனது. காலையில் மேகம் கூடும், பத்து மணிக்குள் கலைந்துவிடும். அருணகிரி காற்றழுத்தமானியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார். முள் அசைந்தால் மாடிக்கு ஓடினார். பலகையில் 'நாளை' என்று எழுதினார், அடுத்த நாள் 'ஓரிரு நாளில்' என்று எழுதினார். ஒரு வாரத்தில் அதையும் விட்டு 'எதிர்பார்க்கப்படுகிறது' என்றார். சக்கரவர்த்தி பால் ஊற்றிவிட்டு நேரே வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

இருபதாம் நாள் மத்தியானம் அருணகிரி இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிவிட்டு சைக்கிளில் அடி அண்ணாமலைக்குப் போனார். கொல்லையில் செடிகள் இலையை மூடிக்கொண்டு துவண்டு கிடந்தன. கிணற்றின் அடியில் இருந்த முழங்கால் தண்ணீரைச் சக்கரவர்த்தி வாளியால் சேந்திக் கொடுக்க, தனம் குடத்தில் சுமந்துபோய் வேர் வேராக ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்று ஏக்கரில் ஒரு மூலைகூட நனையவில்லை.

அருணகிரி சட்டையைக் கழற்றி வரப்பில் போட்டுவிட்டு ஒரு குடத்தை வாங்கிக்கொண்டார். பழக்கமில்லாத தோள். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. வெயில் தாழும்வரை நடந்தார். ஊற்றிய தண்ணீரை மண் உறிஞ்சிக்கொண்டு அடுத்த நடைக்குள் வெளுத்துப்போனது.

"உட்டுடுங்க சார்" என்றாள் தனம். "நாங்கதான் மனசு கேக்காம ஊத்திக்கினு கீறோம். நீங்க எதுக்கு?"

அருணகிரி இன்னொரு குடம் எடுத்தார்.

நாற்பத்தோராம் நாள் மழை வந்தது. அப்போது கொல்லையில் நனைவதற்குப் பயிர் எதுவும் மிச்சமில்லை. ஐப்பசியில் ஒரு புயல் நம் பக்கம் வருகிறது என்று ரேடியோ மூன்று நாள் சொல்லி, நாலாம் நாள் அது வடக்கே ஆந்திராவுக்குத் திரும்பிவிட்டது என்றது. கார்த்திகையில் கிணறு அடிமண் தெரிய வற்றியது. தீவனம் இல்லாமல் சக்கரவர்த்தி மாடுகளை விற்றார். தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு தனத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினார். அந்தத் தையில் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் அப்படித்தான் பஸ் ஏறினார்கள்.

செய்தி கேட்டு அருணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். சக்கரவர்த்தி ஒரு சாக்குமூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். தனம் அலுமினியப் பானைகளைக் கயிற்றில் கோத்து மடியில் வைத்திருந்தாள்.

"என்னைத் திட்டுய்யா. நாலு வார்த்தை திட்டிட்டுப் போ" என்றார் அருணகிரி.

"எதுக்கு சார்?"

"நான் சொல்லித்தானே நீ விதைச்சே. உனக்குத் தெரிஞ்சிருந்துது. காத்து சரியில்லன்னு சொன்னே. நாந்தான் பத்துப் பேர் முன்னால வெச்சு உன் வாயை அடைச்சேன்."

சக்கரவர்த்தி மூட்டையை விட்டு எழுந்தார். "நீங்க ஒங்களுக்குத் தெரிஞ்சத சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்சத நான் உட்டுட்டேன். அதுக்கு ஒங்கள எப்பிடி சார் திட்றது?" என்றார். பஸ் வந்தது. மூட்டையை மேலே ஏற்ற அருணகிரி கைகொடுத்தார்.

அன்றோடு பலகையில் எழுதுவதை நிறுத்தினார். சாக்பீஸ் படாமல் பலகை வெளுத்தது. 'டைப்ரைட்டிங் லோயர், ஹையர் வகுப்புகள் ஆரம்பம்' என்று யாரோ மாணவி அதில் எழுதிவிட்டுப் போனாள்.

பங்குனியில் ஒருநாள் சந்திரகலா வந்தார். தயங்கித் தயங்கி, அந்த நோட்டைக் கொடுங்கள், ஒன்று பார்க்க வேண்டும் என்றார். அருணகிரி கொடுத்தார். மாதம் எவ்வளவு பெய்தது என்பதை டீச்சர் தொடவே இல்லை. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே எத்தனை நாள் என்று மட்டும் தனித்தாளில் வரிசையாகக் குறித்தார். இரண்டு மணி நேரம் ஆனது. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

வருஷத்துக்குப் பெய்த மொத்தம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பத்து வருஷமாக இடைவெளி நீண்டுகொண்டே வந்திருந்தது. ஆறு மழையில் பெய்ய வேண்டியது மூன்று மழையில் பெய்துவிட்டு ஓடியிருந்தது.

"ஒரு ஊரோட நோட்டுதான் சார் இது" என்றார் சந்திரகலா. "நான் படிச்சதுக்கு இதுதான் சாட்சின்னு சொல்ல மாட்டேன். சக்கரம் மறுபடி திரும்பலாம்."

அருணகிரி தாளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் அவர் எழுதியது. அவர் கையெழுத்து. மூன்று கோடை உட்கார்ந்து எழுதியும், கூட்டிக் கூட்டிச் சராசரி போட்டாரே ஒழிய நடுவே கிடந்த நாட்களை அவர் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை.

"இதை நான் பார்த்திருக்கணும் டீச்சர்."

"யாரும் பார்க்கல சார்."

"யாரும் பலகை எழுதல. நான் எழுதினேன்."

எண்பத்துமூன்றாம் வருஷம் ஆடியில் நல்ல மழை பெய்தது. ஒன்பது நாள் கழித்து மறுபடி பெய்தது. ஆவணியிலும் விடவில்லை. அருணகிரி மாடிக்குப் போகவில்லை. அளக்கவும் இல்லை. அடி அண்ணாமலைக்குப் போய்ச் சக்கரவர்த்தியின் கொல்லையைப் பார்த்தார். முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. கிணற்றில் தண்ணீர் ஏறியிருந்தது. அங்கே நிற்க நிற்க மனம் பொறுக்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரரிடம் விலாசம் விசாரித்துக்கொண்டு மறுநாளே பெங்களூருக்குப் பஸ் ஏறினார்.

கட்டடம் ஊருக்கு வெளியே நாலு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. வேலை நடக்கவில்லை. தகரக் கொட்டகைக்குள் சக்கரவர்த்தி குந்தி உட்கார்ந்திருந்தார். எட்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சிமெண்டு பட்டு விரல்கள் வெடித்திருந்தன. அருணகிரியைக் கண்டதும் எழுந்து, உட்கார வைக்க இடம் தேடி, ஒரு காலிச் சாக்கை உதறிப் போட்டார்.

"ஊர்ல மழைய்யா" என்றார் அருணகிரி, உட்காராமலே. "ரெண்டு மழை, மூணு மழை. கிணறு நிரம்பிக்கிட்டு வருது. வா, போலாம். விதைக்கு நான் ஏற்பாடு பண்றேன். ஐப்பசிக்குப் போடலாம்."

சக்கரவர்த்தி தகரத்தில் மழை விழுவதைக் கேட்டபடி இருந்தார்.

"இந்த வருஷம் பெய்யுது. அடுத்த வருஷம்?"

அருணகிரி சாக்கில் உட்கார்ந்தார்.

"அதுக்கும் அடுத்த வருஷம்? ஒங்க நோட்டு இன்னா சொல்லுது சார்?"

"நோட்டை நம்பாதே. உன் காத்தைப் பார்த்து நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

"தெரியல சார்" என்றார் சக்கரவர்த்தி. குரலில் கோபமே இல்லை. "முன்னெல்லாம் தெரியும். இங்க வந்தப்புறம் ரெண்டு மூணு தடவை மானத்தைப் பாத்து, நாளைக்கு இப்பிடின்னு சொன்னேன். ஒண்ணுகூட சரியா வரல. எடம் புதுசு, அதனாலதான்னு நெனச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, போன வருஷம் நம்ம ஊர்லயும் எனக்கு முழுசாத் தெரியல. காத்து சரியில்லன்னு சொன்னேனே ஒழிய, நாப்பது நாள் வராதுன்னு எனக்கு மட்டும் தெரியுமா? தெரிஞ்சா நீங்க இன்னா சொன்னாலும் விதைச்சிருப்பனா?"

அருணகிரி, தான் தோற்றாலும் சக்கரவர்த்திக்குத் தெரிந்திருந்தது என்ற ஒன்றைத்தான் இத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை.

"வரமாட்டியா?"

"தெகிரியம் இல்ல சார்."

தனம் கொட்டகை வாசலில் மழைக்கு ஒதுங்கி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். டீத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி நின்றாள்.

"சார், நாலு நாளா இதே கதைதான். மழை பெஞ்சா இங்க வேலை இல்ல. வேலை இல்லன்னா சோறு இல்ல. தெனம் எழுந்ததும் பெய்யக்கூடாதுன்னு அண்ணாமலையாரை வேண்டிக்கறேன்" என்றாள். பிறகு வெளியே எட்டி வானத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள். "நீங்க பாத்து சொல்லுங்க. நாளைக்காவது நிக்குமா?"

அருணகிரி டம்ளரைக் கீழே வைத்தார். வாசலுக்கு வந்து, பழக்க தோஷத்தால் மேற்கே பார்த்தார். மேகம் ஒரே சாம்பலாக, விளிம்பு தெரியாமல் கிடந்தது. இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலம்மா" என்றார்.

சாயங்கால பஸ்ஸுக்கு அவர் தனியாகத்தான் நடந்தார். மழை விடவில்லை.