விலக்கு கேட்டவள்

பிரேமலதா இன்டர் படிக்கவில்லை. பதினொன்றும் பன்னிரண்டும் சேர்ந்த இரண்டு வருடப் படிப்புக்கு ஆந்திராவில் அதுதான் பெயர். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டிய ஊரில், தமிழ் மீடியத்தில் பத்தாவது தேறியவள் அவள். அதற்கு மேல் போகலாமென்றால் பக்கத்து ஜூனியர் காலேஜில் தெலுங்கு இருந்தது, இங்கிலீஷ் இருந்தது, தமிழ் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் போய்க் கேட்டதற்கு, "ஆந்திரா சர்டிபிகேட்டா? அங்கேயே படிச்சிக்கோம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் நைனாவுக்கு அரசாங்கம் கொடுத்த ஒரு துண்டு மேட்டு நிலமும் கூலி வேலையும்தான். தொண்ணூறுகளின் நடுவில் திருப்பூர்ப் பக்கத்து மில்களுக்குப் பெண்களைச் சேர்க்க ஊர் ஊராக வேன் வந்தது. பிரேமலதா ஏறிக்கொண்டாள்.

மில் ஹாஸ்டலை விட்டு வெளியே போக மேனேஜர் கையெழுத்து வேண்டும். நைனா செத்துப்போன செய்தி வந்த அன்று மேனேஜர் ஊரில் இல்லை. எவ்வளவு அழுதும் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. துக்கத்துக்கு வந்திருந்தவர்களிடம் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்: "என்னப் பூட்டி வெக்கச் சொல்லி இன்னா சட்டம் இருக்குது?" யாருக்கும் தெரியவில்லை.

அவள் மில்லுக்குத் திரும்பவில்லை. நகரியில் பவர்லூம் ஓட்டும் சந்திரனைக் கட்டிக்கொண்டாள், ஒரு பெண் பிறந்தாள். அந்தக் கேள்வி மட்டும் உள்ளேயே கிடந்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், இன்டர் இல்லாதவர்களுக்குத் தனியாக நுழைவுத் தேர்வு வைத்து டிகிரியில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதினாள். தேறினாள். தறிச் சத்தத்துக்கு நடுவே தெலுங்குப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்து டிகிரி வாங்கினாள். பிறகு திருப்பதியில் ஒரு தனியார் சட்டக் கல்லூரி. புத்தூர் வழியாகத் தினமும் பஸ். சேர்க்கும்போது கல்லூரிக்காரர்கள் எல்லாச் சான்றிதழையும் புரட்டிப் பார்த்தார்கள். இன்டர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர்கள் வக்கீல் கவுன்சிலில் இருந்தவர்கள்தான், அதுவும் சட்டப் பட்டம் கைக்கு வந்த பிறகு. இன்டர் படிக்காமல் நேராகத் திறந்தநிலை டிகிரி வாங்கியவர்கள் சட்டப் படிப்பில் சேரவே தகுதியில்லை என்று விதி இருக்கிறதாம். ஆகவே வக்கீலாகப் பதிவு கிடையாது. பதிவு இல்லாதவர்கள், வக்கீல் தொழில் செய்யத் தேற வேண்டும் என்று புதிதாக வந்திருந்த பார் தேர்வையும் எழுத முடியாது. அதே கல்லூரியில் அதே மாதிரி படித்த சித்தூர் ரேஷ்மாவுக்கும் அதே பதில்.

இரண்டு பேரும் விதியிலிருந்து விலக்கு கேட்டு மனு போட்டார்கள்.

பிரேமலதா அப்போது சித்தூரில் நாகபூஷணம் என்ற வக்கீலின் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு, கேஸ் கட்டுகளைப் படித்துக்கொண்டு இருந்தாள். அவர் நல்ல மனிதர். விலக்கு மனுக்களைப் பார்க்கும் கவுன்சிலின் பதிவுக் குழுவில் இருந்த ஒருவர் அவருக்கு வகுப்புத் தோழர். "நான் பேசி வெச்சிருக்கேன். நீ வாயைத் திறக்காம உட்காரு. அவங்களே முடிச்சுக் கொடுப்பாங்க" என்றார்.

குழு அந்த முறை திருப்பதியில் கூடியது. உறுப்பினர்கள் காலையில் மலை ஏறி தரிசனம் முடித்துவிட்டு வந்திருந்தார்கள். தலைவர் அப்போதுதான் மொட்டை போட்டிருந்தார். தலையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு லட்டு கொடுத்தார்கள், மனு போட்டவர்களுக்கும்.

ரேஷ்மாவை உள்ளே கூப்பிடவில்லை. அவளுடையதை அடுத்த கூட்டத்தில் பார்ப்பார்களாம். வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்துவிட்டு பிரேமலதா மட்டும் போனாள்.

தலைவர் தெலுங்கில் கனிவாகத்தான் பேசினார். "நாகபூஷணம் சொன்னாரும்மா. கஷ்டப்பட்டுப் படிச்சிருக்கே. உனக்கு மட்டும் ஸ்பெஷல் கேஸா எடுத்துக்கறோம். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

டைப் அடித்த தாள். தகுதியில்லை என்பதை மறைத்துச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தது என் தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று முதல் பத்தி. எனக்குக் காட்டிய இந்தச் சலுகையை வேறு யாருக்காகவும் எடுத்துக்காட்ட மாட்டேன் என்று இரண்டாவது.

பிரேமலதா இரண்டு முறை படித்தாள். பேனா அவள் பக்கம் நகர்ந்து வந்தது.

"சார், நான் எதையும் மறைக்கலை" என்று அவளும் தெலுங்கிலேயே சொன்னாள். "எல்லா சர்டிபிகேட்டையும் மேஜை மேல வெச்சேன். பார்த்துட்டுத்தான் சேர்த்தாங்க. பரீட்சை வெச்சுப் பட்டமும் கொடுத்தாங்க."

"அது ஒரு வார்த்தைக்கும்மா. பைலுக்கு வேணும்."

"நான் விலக்குதான் கேட்டேன் சார். மன்னிப்புக் கேட்கலை."

ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. "இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

"மன்னிப்புன்னா தப்பு என்னுது. விலக்குன்னா விதியில ஓட்டை. வெளியே ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கா. அவளும் என்னை மாதிரியேதான். எனக்கு முடியும்னா அவளுக்கும் முடியணும். அவளுக்கு முடியாதுன்னா எனக்கு எப்படி முடியும்?"

"அவளுக்காகப் பேச நீ இன்னும் வக்கீல் ஆகலை" என்றார் தலைவர்.

"ஆக விடுங்க சார், பேசறேன்."

தாளைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். மனு தள்ளுபடி ஆனது. ரேஷ்மாவுடையதையும் அடுத்த கூட்டம் வரை வைக்காமல் அன்றைக்கே தள்ளிவிட்டார்கள்.

வராந்தாவில் ரேஷ்மா அழுதாள். "போட்டுட்டு வந்திருக்கலாம் இல்ல அக்கா? ஒருத்தியாவது வக்கீலாயிருப்போம்."

"உனக்காக மட்டும் நான் போடாம வரல. நான் திருடின்னு நானே எழுதிக் குடுக்கணுமா?"

நாகபூஷணத்துக்கு அவமானமாகிவிட்டது. "என் முகத்துல கரி பூசிட்டியேம்மா" என்றார். ஐதராபாத் ஹைகோர்ட்டில் ரிட் மனு போட வேண்டும் என்று அவள் கேட்டபோது, "கவுன்சிலுக்கு எதிரா என் பேர்ல முடியாது. நான் நாளைக்கும் அவங்க நடுவுலதான் பிழைக்கணும்" என்று கையை விரித்தார். அவள் மறுநாளிலிருந்து அந்த ஆபீசுக்குப் போகவில்லை.

வீட்டில் சந்திரனும் குதித்தான். தறி ஓட்டுகிறவர்கள் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்கள், தெருவே கேட்டது.

"தடா பக்கம் எத்தினி கம்பெனி வந்துக்கினு இருக்குது! டிகிரி இருந்தா சூப்பர்வைசர் வேல குடுக்கறான். நீ இன்னாடான்னா வந்த லட்சுமிய எட்டி ஒதைச்சிட்டு வந்து நிக்கற. ரேஷ்மாவா நமக்கு சோறு போடப் போறா?"

"அந்தத் தாளுல இன்னா எழுதியிருந்திச்சின்னு கேளு மாமா."

"இன்னா எழுதியிருந்தா இன்னா? கையெழுத்துதானே?"

அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். மறைத்தேன் என்ற இடம் வந்ததும் சந்திரன், "இன்னொரு தபா சொல்லு" என்றான். சொன்னாள். அவன் எழுந்துபோய்த் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"நம்ம சாதி ஜனத்த ஏற்கெனவே திருட்டுப் பசங்கன்னுதான் சொல்லிக்கினு இருக்கானுங்க. நாமளே எழுதிக் குடுக்கறதா? ஐதராபாத்துக்கு எப்போ போவணும்?"

ரிட்டை அவளே எழுதினாள். நகரி டைப் கடையில் உட்கார்ந்து, இங்கிலீஷ் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அடித்தாள். இரண்டு மனுதாரர்கள்: பிரேமலதா, ரேஷ்மா. வக்கீல் இல்லை, நேரில் வாதாடுகிறோம் என்று போட்டார்கள். ரேணிகுண்டாவில் ரயில் ஏறினார்கள். சந்திரன் புளிசாதம் கட்டிக்கொண்டு கூடவே வந்தான். "துன்னாம பேசினா குரலு வராது" என்று இரண்டு பேரையும் அதட்டிச் சாப்பிட வைத்தான்.

வழக்கு பல முறை தள்ளிப்போனது. கடைசியில் எடுத்துக்கொண்ட நாளில் கவுன்சிலின் வக்கீல் எழுந்து, "விதி தெரியாது என்று இவர்கள் சொல்ல முடியாது, மை லார்ட். சட்டம் தெரியாது என்பது யாருக்கும் சாக்கல்ல. அதுவும் வக்கீலாக வருகிறவர்களுக்கு" என்றார்.

நீதிபதி பிரேமலதாவைப் பார்த்தார்.

ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் வாக்கியங்கள் அவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. தெலுங்கில்தான் வந்தது. "அய்யா, சட்டம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாங்க சட்டக் கல்லூரிக்கு எதுக்கு வந்திருப்போம்?"

பின் வரிசையில் யாரோ சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மேலே சொல்லுங்க."

அவள் சொன்னாள். பத்தாவதுக்குப் பிறகு தமிழில் படிக்க அந்தப் பக்கமும் இடமில்லாமல் இந்தப் பக்கமும் இடமில்லாமல் போனதைச் சொன்னாள். அரசாங்கமே நடத்தும் பல்கலைக்கழகம் தேர்வு வைத்துத் தகுதி பார்த்ததைச் சொன்னாள். "ஒவ்வொரு வாசல்லயும் இருந்தவங்க உள்ளே வான்னு கூப்பிட்டாங்க. கடைசி வாசல்ல இருக்கறவங்க, நீ முதல் வாசல்லயே வந்திருக்கக் கூடாதுங்கறாங்க. தப்பு வாசல்ல இருந்தவங்களோடதா, நடந்து வந்தவங்களோடதா?" அதோடு உட்கார்ந்துவிட்டாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவு வந்தது.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. முழுதாக அல்ல. விதி சரிதான், இனிமேல் சேர்கிறவர்களுக்கு அது செல்லும் என்று எழுதியிருந்தார் நீதிபதி. ஆனால் எதையும் மறைக்காமல் படித்து முடித்த இந்த இரண்டு பேருக்கும் விலக்களித்துப் பதிவு செய்ய வேண்டும், பார் தேர்வு எழுத விட வேண்டும். 'மறைக்காமல்' என்ற அந்தச் சொல்லை பிரேமலதா சந்திரனுக்கு விரல் வைத்துக் காட்டினாள். விதி அப்படியே நிற்பதில் அவளுக்குக் கோபம்தான். "எங்க ஊரு பசங்களுக்கு இன்னும் கதவு மூடித்தான் கெடக்குது" என்று ரயிலில் புலம்பிக்கொண்டே வந்தாள்.

தேர்வைத் திருப்பதியில் ஒரே ஹாலில் எழுதினார்கள். பிரேமலதா தேறினாள். ரேஷ்மா தேறவில்லை.

சித்தூர் கோர்ட் வளாகத்தில் கறுப்பு அங்கியோடு முதல் முறை நுழைந்த அன்று நாகபூஷணம் எதிரே வந்தார். வாழ்த்தினார். பிறகு, மனதில் இருந்ததை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "இந்தப் பொண்ணுக்காகவா அவ்வளவு பெரிய வாய்ப்பை உதறினே? பாரு, பெயிலாயிட்டா."

"பெயிலானா இன்னா சார்?" என்றாள் பிரேமலதா. "போன வருஷம் அவளால பெயிலாகக்கூட முடியலையே. எழுதவே உடல. இப்போ எழுதி, தோத்து, மறுபடியும் பணம் கட்டியிருக்கா. எனக்கு நாழியாவுது, பத்தாம் நம்பர் கோர்ட்ல கேஸ் கூப்பிடுவாங்க."

ரேஷ்மா படிக்கட்டருகே புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னாள். பிறகு விட்ட இடத்தில் விரலை வைத்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள்.