அன்று அவள் பேசினாளா

ஆய்வு செய்யும் மாணவி மறுபடியும் வந்திருந்தாள். அத்தை அவளுக்கு வைத்திருந்த பெயர் டேப்புக்காரி.

"வந்துட்டா மாப்பிள்ளை. அடுத்தவங்க அழுகையைக் கேட்டே பட்டம் வாங்கிடுவா போல," என்றபடி தேநீர் போட உள்ளே போனார்.

போன வருடம் என் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தாள். அதிலிருந்து அவளுடைய அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஒரே படுக்கையருகே நின்றவர்கள் அந்தக் கடைசி நாளைப் பின்னால் எப்படிச் சொல்கிறார்கள் என்பது மாணவியின் ஆய்வு. எங்களைத் தனித்தனியே பேட்டி எடுத்திருந்தாள். எழுதியதை எங்களிடமே காட்டி, சரிதானா என்று கேட்க இன்று வந்திருந்தாள். அத்தையின் சம்மதத்தோடு அவர் சொன்னதை முதலில் எனக்குக் காட்டினாள்.

'அம்மா, அவரைத் தனியா விட்டுடாதேன்னா. அதுதான் கடைசிப் பேச்சு. அதனாலதான் இங்க இருக்கேன்.'

அடுத்த பத்தி நான் சொன்னது. தொண்டையில் குழாய் இருந்தது. அவள் பேசவில்லை. விரலால் குழாயைக் காட்டி என்னைப் பார்த்தாள். எடுக்கக் கூடாது என்றார் நர்ஸ்.

"இதுல எது நடந்துச்சுன்னு எழுதுவீங்க?"

"அதை நான் தீர்மானிக்க மாட்டேன் சார். ஒவ்வொருத்தரும் அந்த நாளை எப்படிக் கட்டி வச்சிருக்கீங்க, அதை வச்சு எப்படி வாழறீங்க, அதுதான் என் ஆய்வு."

நான் எடைக்கருவிகளைச் சோதித்துச் சான்று தருபவன். என் மேசையில் ஒரு கிலோவுக்கு இரண்டு பதில் கிடையாது.

"ஆஸ்பத்திரியில கேட்டா குழாய் இருந்ததைச் சொல்லிடுவாங்க."

"சொல்லுவாங்க. நான் அங்க கேட்கப் போகல சார்." கொஞ்சம் தயங்கினாள். "அடுத்து அம்மாகிட்ட படிச்சுக் காட்டணும். நீங்க சரின்னா ரெண்டையும் படிப்பேன். வேண்டாம்னா உங்க பகுதியை எடுத்துடறேன். ஆய்வுலயே இருக்காது."

படித்தால் அத்தையிடம் அந்த வாக்கியம் மிஞ்சாது. எடுத்தால், குழாயைக் காட்டிய விரல் என்னைத் தவிர யாரிடமும் இருக்காது. அவள் எனக்குக் கடைசியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

உள்ளே அத்தை எதையோ கீழே போட்டு, அதையே திட்டிக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுங்க."

"முழுசாவா சார்?"

"முழுசா."

அத்தை வந்து உட்கார்ந்தார். மாணவி பதிவுக் கருவியை ஓடவிட்டுப் படித்தாள். அத்தை கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒண்ணு விட்டுப்போச்சு. முதல்ல அம்மா, அம்மான்னு ரெண்டு தரம் கூப்பிட்டா. நல்லா தெளிவா. மாப்பிள்ளையும் பக்கத்துலதானே நின்னாரு, கேளேன்."

மாணவி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தரம்தான்," என்றேன்.

"பாத்தியா," என்று அவளிடம் சொல்லிவிட்டு, அத்தை டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "குடிங்க, ஆறிடும்."